இருபத்து நான்கு மணி பத்து நிமிடம்

என் பிஸ்கட் டின்னில், அம்மாவின் பழைய அடையாளக் கார்டுக்கும் என் முதல் கம்பெனி பேட்ஜுக்கும் நடுவே, நான்காய் மடித்த ஒரு தாள் கிடக்கிறது. இரண்டு ஓரமும் வரிசையாய்த் துளை போட்ட தாள். அந்தக் காலத்து அச்சு இயந்திரங்கள் பல்லால் கடித்து இழுத்துக்கொள்ளுமே, அந்தத் தாள். புள்ளி புள்ளியாய் விழுந்த எழுத்தில் ஐந்தாறு வரிகள். கடைசி வரியில் 24:10 என்றிருக்கிறது. அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் ‘பிழை’ என்று ஒரு சொல். சரியாய்ச் செய்ததற்குக் கிடைத்த தாளை யாரும் பத்திரப்படுத்துவார்கள். நான் என் அண்ணியின் தப்பைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணி காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு, பிறகு இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம், அத்தோடு சரி. கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர். எனக்கும் அவருக்கும் இரண்டே வயது வித்தியாசம். நாத்தனார் என்றால் கொஞ்சம் முறுக்கிக்கொள்ள வேண்டும் என்று ஊரில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் ஒரு வாரம் முறுக்கிப் பார்த்தேன். எட்டாம் நாள் அவர், “தங்கச்சி, நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கிறதுல உனக்குத்தான் கழுத்து வலிக்கும்” என்றார். அதோடு முறுக்கு போய்விட்டது. அடுத்த மாதமே தெலுக் பங்லிமா காராங்கில் நான் வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலையில் அவரும் சேர்ந்துவிட்டார். ஒரே பஸ், ஒரே ஷிப்ட், ஒரே சாப்பாட்டு டப்பா.

எங்கள் வேலை சில்லுகளுக்குத் தங்கக் கம்பி ஒட்டுவது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் எட்டு மணி நேரம் உலகம் ஒரு வெளிச்ச வட்டம்தான். காலை ஏழு, பிற்பகல் மூன்று, இரவு பதினொன்று என்று மூன்று ஷிப்ட், வாரத்துக்கு ஒன்றாய் மாறும். உடம்புக்கு எது பகல் எது ராத்திரி என்றே தெரியாது. எங்கள் பஸ் ஓட்டுநர் அங்கிள் அடிக்கடி சொல்வார்: “உங்களுக்கெல்லாம் சூரியன் ஒரு விருந்தாளி லா, எப்பயாச்சும் வந்துட்டுப் போகும்.”

நேரத்தோடு அண்ணிக்குப் பழைய கணக்கு ஒன்று இருந்தது. மலேசியத் தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்த அந்தப் புத்தாண்டு பலருக்கு நினைவிருக்கும். அன்றைக்கு நான் லீவு, அண்ணிக்கு மட்டும் இரவு ஷிப்ட். உள்ளே போய் அரை மணிதான் ஆகியிருந்தது. சூப்பர்வைசர் நாற்காலிமேல் ஏறி நின்று முள்ளைப் பன்னிரண்டுக்குத் தள்ளிவிட்டு, எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லி இறங்கினாராம். “அன்னிக்குத்தான் தங்கச்சி, கடிகாரத்து மேல எனக்கு இருந்த மரியாதை போச்சு” என்று பின்னாளில் சொல்வார். “ஒரு ஆளு நாற்காலி போட்டுத் தள்ளினா நகருது. ஆனா நான் ஒட்டின கம்பிய யாரும் தள்ள முடியாதுல்ல?”

அது நடந்து சில வருடம் கழித்து, கம்பெனியின் வருடாந்தரக் கண் பரிசோதனையில் அண்ணி தட்டுத் தடுமாறித்தான் தேறினார். கிளினிக் நர்ஸ் மலாய்க்காரப் பெண், நல்லவர். அடுத்த வருடம் இதே நிலைமை என்றால் தான் எழுதித்தான் ஆக வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாராம். எழுதினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். கண் போன ஆபரேட்டர்களுக்கு ஒரு கடிதமும் ஒரு கைகுலுக்கலும் கிடைக்கும், அவ்வளவுதான். எட்டு வருட வேலை, லைன் லீடர் என்ற பெயர், எல்லாம் அந்த வாசலோடு முடியும்.

இன்னொன்றும் அப்போது நடந்தது. உற்பத்திப் பிரிவு அலுவலகத்தில் புதிதாய்க் கணினி வைத்திருந்தார்கள். எந்த மெஷின் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு மறுபடி ஓடியது என்று லைன் லீடர்கள் எழுதிக் கொடுப்பதை அதில் ஏற்றுவார்கள். அண்ணியின் இரவு ஷிப்ட்டில் ஒரு மெஷின் பதினொன்று ஐம்பதுக்கு நின்று, நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடத்துக்கு மறுபடி ஓடியது. மொத்தம் இருபது நிமிடம். கணினி அடித்துக் கொடுத்த அறிக்கையில் அது இருபத்து மூன்று மணி நாற்பது நிமிடம் என்று வந்திருந்தது. அந்தத் தாள் மேலிடம்வரை போய்விட்டது. விளக்கம் எழுதித் தரும்படி அண்ணிக்கு ஓலை. அண்ணி எழுதினார். எழுதிவிட்டு அந்த அறிக்கையின் நகலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பார். “எட்டு மணி நேர ஷிப்ட்டுல இருபத்து மூணு மணி நேரம் மெஷினு நின்னுச்சாம். இத ஒருத்தரு கூட நிமிந்து பாத்துச் சிரிக்கல தங்கச்சி. மெஷினு சொன்னா நம்பிருவாங்க. நான் சொன்னா லெட்டரு எழுதச் சொல்லுவாங்க.”

அதே அலுவலகத்தில் பகல் வேலையாய் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று பேச்சு வந்தது. கணினிச் சான்றிதழ் இருந்தால் லைனில் உள்ளவர்களும் கேட்கலாம் என்றார்கள். அந்த வாரமே அண்ணி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றைக் கண்டுபிடித்து வந்து நின்றார். அண்ணன் வழக்கம்போல, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று கேலி செய்தான். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னார்: “கெடறதுக்கு முன்னாலதான்டா போறா. நீ லோரியக் கழுவு.” தனியாய்ப் போனால் தூங்கிவிடுவேன் என்று சொல்லி என்னையும் சேர்த்துவிட்டார் அண்ணி.

வகுப்பு, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடியில். நான்கு கணினி, பதினொரு பேர். பத்து மணிக்கு மேல் கீழேயிருந்து ரசத்துக்குத் தாளிக்கும் வாசம் ஏறி வரும். அதற்கப்புறம் பாடம் மண்டையில் ஏறுவது கஷ்டம். ஆசிரியர் எங்களைவிடச் சின்னவர், இருபத்தைந்து இருக்கும். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், தாத்தா ரயில்வேயில் இருந்தவராம். பாதி ஆங்கிலத்தில்தான் நடத்துவார். தமிழுக்கு வந்தால் வீட்டுத் தமிழ் வந்துவிடும். எங்களுக்குத் தப்பு என்றால் அவருக்குப் ‘பிழை’. கோபமே வராது, ஆனால் விட்டும் கொடுக்கமாட்டார். “மெஷினுக்கு நீங்கள் நினைச்சது தெரியாது, சொன்னதுதான் தெரியும்” என்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். அண்ணிக்கு அந்த வாசகம் ரொம்பப் பிடித்துவிட்டது. கொஞ்ச நாள் அண்ணனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதையே உபயோகித்தார்.

சான்றிதழுக்கு முன் கடைசிப் பயிற்சியாய் அவர் கொடுத்தது பார்த்தால் சின்ன விஷயம்தான். ஒரு நாளின் நேரத்தைக் கணினிக்குள் எப்படி வைப்பாய்? எப்படியாவது வை. ஒரு நேரத்தையும் சில நிமிடங்களையும் கொடுத்தால் கூட்டி, வரும் நேரத்தைச் சரியாய்க் காட்ட வேண்டும். இதிலென்ன இருக்கிறது என்று நான் ஐந்து நிமிடத்தில் முடித்துக் கையைத் தூக்கினேன். ஏழு ஐம்பதை 7.50 என்று புள்ளி வைத்து எழுதினேன். இருபது நிமிடத்தை 0.20 என்று கூட்டினேன். திரையில் 7.70 என்று வந்தது. ஏழு மணி எழுபது நிமிடம்! பக்கத்திலிருந்த பங்சார் ஆபீஸ்காரர் ஒருவர், “ஆன்டிக்கு மட்டும் ஒரு மணிக்கு நூறு நிமிஷம் போல, கொடுத்து வச்சவங்க லா” என்றார். எனக்கு அப்போது வயது முப்பதுகூட இல்லை. நூறு நிமிடத்தைவிட அந்த ஆன்டிதான் எனக்கு வலித்தது.

அண்ணி அப்படிச் செய்யவில்லை. அவர் நேரத்தை மணியும் நிமிடமுமாய் வைக்கவே இல்லை. நாள் தொடங்கியதிலிருந்து எத்தனை நிமிடம் என்று ஒரே எண்ணாய் வைத்தார். ஏழு ஐம்பது என்றால் நானூற்று எழுபது. இருபதைக் கூட்டினால் நானூற்றுத் தொண்ணூறு. காட்டும்போது அறுபதால் வகுத்தால் எட்டு மணி பத்து நிமிடம். ஆசிரியர் குனிந்து பார்த்துவிட்டு, யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். யாருமில்லை, லைனில் ஒரு சில்லுக்கு இத்தனை நிமிடம் என்று எண்ணி எண்ணிப் பழக்கம், மணிக்கணக்கில் யோசித்தால் டார்கெட் தப்பிவிடும் என்றார் அண்ணி. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, பங்சார்காரரை ஒரு பார்வை பார்த்தேன்.

பிறகு ஆசிரியர் இருபத்து மூன்று மணி ஐம்பதைக் கொடுத்து, இருபது நிமிடம் கூட்டச் சொன்னார். அச்சு இயந்திரம் கரகரவென்று இழுத்துக் கடைசி வரியைத் துப்பியது. 24:10. அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“அக்கா, இது பிழை. ஒரு நாளுக்குள்ள இருபத்து நாலு மணி வராது. பூச்சியம் பத்து எண்டுதான் வர வேணும்.”

“நைட் ஷிப்ட்டுல வரும் சார்” என்றார் அண்ணி.

வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. ஒரு வரி மாற்றினால் போதும், மாற்றிவிட்டால் இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அந்த ஒரு வரி என்ன என்று அண்ணிக்கும் தெரியும். எனக்கே தெரிந்திருந்தது. எண் ஒரு நாளின் ஆயிரத்து நானூற்று நாற்பது நிமிடத்தைத் தாண்டினால் அதைக் கழித்துவிட வேண்டியதுதான். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். கண் பரிசோதனைக்கு ஆறு வாரம், அந்த வேலைக்கு மனுப் போட இரண்டு வாரம். கையில் சான்றிதழ் இல்லாவிட்டால் வாசலுக்குள்ளேயே விடமாட்டார்கள். அண்ணி காலை இழுத்துக்கொண்டார். அப்படி மாற்றினால் சரியாகாது சார், ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டார். அவரும் சரி என்றார்.  பஸ்ஸை விட்டு இறங்கும்போது, உங்களுக்குப் பிடிவாதம் முக்கியமா பிழைப்பு முக்கியமா என்று கேட்டுவிட்டேன். நாத்தனார் குணம் போகுமா?

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பதில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் நாள்காட்டித் தாளைக் கிழிக்கிற உரிமை அம்மாவுக்கு மட்டும்தான். பொழுது விடிந்து, குளித்து, சாமி விளக்கேற்றிய பிறகுதான் கிழிப்பார். அதற்கு முன்னால் யார் கை வைத்தாலும் திட்டு விழும். “கிழிக்காத வரைக்கும் நேத்துதான்” என்பார். இரவு ஷிப்ட் முடிந்து நாங்கள் எட்டு மணிக்கு வரும்போது சில நாள் தாள் கிழிபட்டிருக்கும், சில நாள் இராது. அந்த வாரம் ஒரு காலை, வந்ததும் வராததுமாய் அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் நாள்காட்டி முன் நின்றுவிட்டார். அம்மா அப்போதுதான் ஈரத் தலையோடு தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். அண்ணி சிரித்தார். “அத்தை, நீங்க சொல்றதுதான் சரி. உள்ள போனவ வெளிய வர்ற வரைக்கும் அது ஒரே நாளுதான்.” அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தான் சொன்னது சரி என்று மருமகள் ஒப்புக்கொண்டதை அந்தத் தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு வந்தார்.

பகல் தூக்கத்தைப் பாதியில் விட்டுச் சாப்பாட்டு மேசையில் எழுதினார் அண்ணி. கண்ணுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு சாண்கூட இராது. அவர் எனக்கு விளக்கியது இதுதான். நள்ளிரவில் எண்ணைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிட்டால், மெஷின் மறுபடி ஓடிய நேரமான பத்திலிருந்து, நின்ற நேரமான ஆயிரத்து நானூற்று முப்பதைக் கழிக்க வேண்டி வருகிறது. கழித்தால் குறை எண். அலுவலகத்துக் கணினிக்கு நிரல் எழுதியவன் குறைக் குறியை மட்டும் உதிர்த்துவிட்டு மீதியைச் சொல்லிவிட்டான். அப்படி வந்ததுதான் இருபத்து மூன்று மணி நாற்பது நிமிடம். ஆகவே உள்ளே எண்ணைத் திருப்பக் கூடாது. ஷிப்ட் தொடங்கிய நாளிலிருந்து அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகட்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறவனுக்குக் காட்டும்போது மட்டும் இருபத்து நாலு மணியைக் கழித்து மடித்துக் காட்டினால் போதும். “ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொன்னாங்களே, எங்க நின்னு அளக்கிறதுன்னு சொன்னாங்களா தங்கச்சி?”

அடுத்த ஞாயிறு அண்ணியின் நிரல் இரண்டு பத்திகளாய் அச்சடித்தது. ஒன்றின் தலைப்பு ‘சுவர்’, மற்றொன்று ‘ஷிப்ட்’. ஆங்கில எழுத்தில்தான் அடிக்க முடியும் என்பதால் SUVAR, SHIFT என்று இருந்தது. சுவர்ப் பத்தியில் 00:10. ஷிப்ட் பத்தியில் 24:10. பக்கத்தில் மெஷின் நின்ற நேரம், இருபது நிமிடம். அதோடு தொழிற்சாலை அறிக்கையின் நகலையும் மேசைமேல் வைத்தார்.

ஆசிரியர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து அதை உடைக்கப் பார்த்தார், பாருங்கள், அதுதான் எனக்கு அவரைப் பிடித்துப்போன நேரம். ஒரு நிமிடம் கூட்டிப் பார்த்தார், ஒன்றுமே கூட்டாமல் பார்த்தார், நள்ளிரவுக்குச் சரியாய் ஒரு நிமிடம் முன்னே பார்த்தார். மற்றவர்கள் எல்லாம் சாப்பிடக் கீழே இறங்கிவிட்டார்கள். கடைசியாக, ஒருத்தர் இரவு ஷிப்ட் முடித்து அப்படியே காலை ஷிப்ட்டையும் பார்த்தால் என்ன வரும் என்று கேட்டார். அப்படி யாரும் நிற்கமாட்டார்கள், சும்மா சோதிக்கத்தான் என்றும் சொன்னார்.

“நிப்பாங்க சார்” என்றார் அண்ணி. “நானே நின்னிருக்கேன்.”

அச்சடித்தது. சுவரில் பிற்பகல் மூன்று மணி. ஷிப்ட்டில் 39:00. ஆசிரியர் அந்த எண்ணிலிருந்து விரல்விட்டு இருபத்து நாலைக் கழித்துப் பார்த்தார். முப்பத்தொன்பது மணி என்று எழுதிப் பார்த்தால்தான் அது எவ்வளவு நீளமான நாள் என்று எனக்கும் தெரிந்தது. அந்தப் பதினாறு மணி நேரமும் நானும் பக்கத்து ஸ்டூலில் இருந்தவள்தான். பிறகு அவர் சான்றிதழை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். “இண்டைக்கு என்ர சாப்பாட்டையும் தின்னுட்டீங்கள் அக்கா” என்றார். அண்ணி உடனே, “வாங்க சார், நாங்க வாங்கித் தர்றோம். என் நாத்தனார்தான் ஒரு மணிக்கு நூறு நிமிஷம் வச்சிருக்கா, நேரத்துக்குப் பஞ்சமில்ல” என்றார். அன்றைக்கு மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். சிவப்பு வட்டம் விழுந்த போன வாரத்துத் தாளை அண்ணி கசக்கி மாடிப்படிக் குப்பைக் கூடையில் போட்டிருந்தார். கை கழுவப் போகிற சாக்கில் நான் போய் அதை எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

நேர்முகத்துக்குப் போனவர்கள் ஏழு பேர். அவர்களில் ஐந்தாம் படிவம் முடித்தவர்கள் நான்கு பேர். மேனேஜர் சீனர், குறைவாய்ப் பேசுகிறவர். மற்றவர்கள் சான்றிதழைக் காட்டினார்கள். அண்ணி இரண்டு தாள்களைக் காட்டினார், கம்பெனி அறிக்கையையும் தன்னுடையதையும். மலாயும் ஆங்கிலமும் கலந்து என்ன சொன்னார் என்று அவரே நடித்துக் காட்டியிருக்கிறார்: “பாஸ், இந்த ஷிப்ட்டுக்கு எட்டு மணி நேரந்தான். உங்க மெஷினு எங்க போய் மிச்ச நேரத்தக் கடன் வாங்கிச்சு?” மேனேஜர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், போனை எடுத்து நிரல் எழுதித் தந்த ஆளை வரச் சொன்னார். அந்த ஆள் வந்து பார்த்துவிட்டு, இது ரொம்பச் சின்ன விஷயம் என்றாராம். சின்ன விஷயத்துக்கு எனக்கு லெட்டர் எழுதச் சொன்னார்களே என்றாராம் அண்ணி. அடுத்த திங்கள்கிழமை அவர் அலுவலகத்தில் உட்கார்ந்தார். கண் பரிசோதனை நாளன்று கிளினிக் நர்ஸ் பட்டியலைப் பார்த்துவிட்டு, லைன் ஆட்களுக்கு மட்டும்தான் பரிசோதனை, உங்கள் பெயர் இதில் இல்லையே என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினாராம்.

கொஞ்ச நாளில் இரவு ஷிப்ட் படிவமே மாறியது. நள்ளிரவுக்கு மேல் இருபத்து நாலு, இருபத்தஞ்சு என்று முப்பத்தொன்றுவரை அச்சடித்து வந்தது. முதலில் பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் அதுவே பேச்சாகிவிட்டது. “இருபத்தாறு மணிக்கு டீ குடிச்சிட்டு வரேன்”, “அவளா, முப்பது மணிக்கே பேக்கைத் தூக்கிட்டு நிப்பா” என்று மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், நாங்கள் எல்லோரும் பேசினோம். அந்த வாசலுக்கு வெளியே உலகத்தில் யாருக்கும் புரியாத நேரம் அது. நான் அந்த லைனில் இருந்தவரை, யாராவது புதிதாய் வந்து இது என்ன கணக்கு என்று கேட்டால், என் அண்ணி போட்ட கணக்கு என்று சொல்லாமல் விட்டதில்லை. சொல்லும்போது கழுத்து தானாய் நிமிரும். அதில் மட்டும் வலித்ததே இல்லை.

அண்ணி ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டு அண்ணன் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது, சூரிய நமஸ்காரமா என்று கேலி செய்தவன் மாட்டியது. போன மாதம் பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். காலை ஒன்பது மணி. நாள்காட்டித் தாள் இன்னும் கிழிபடவில்லை, அண்ணி அப்போதுதான் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். மடித்த தாளைக் கையில் கொடுத்தேன். இரண்டு கண்ணிலும் அறுவை செய்து லென்ஸ் வைத்த பிறகு அவர் எதையும் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துத்தான் படிக்கிறார். படித்தார். குப்பைக் கூடையில் போட்டேனே, எப்படி வந்தது என்று கேட்டார். சொன்னேன். “முப்பது வருஷத்துக்கு மேல என் தப்பை டின்னுல போட்டு வச்சிருக்கா பாரு, நாத்தனார்னா நாத்தனார்தான்” என்று அண்ணனிடம் சொன்னார்.

பிறகு வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் நகர்ந்தார். வட்டம் மங்கிப்போய்விட்டதே என்றார். பேரப்பிள்ளையின் பள்ளிப்பையைத் துழாவி ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தார், தாளை மேசையில் நீவி வைத்தார், அந்தப் பழைய வட்டத்தின் மேலேயே புதிதாய் ஒரு வட்டம் போட்டார். தங்கக் கம்பி ஒட்டிய கை. கோடு எங்கேயும் விலகவில்லை. ‘பிழை’ என்ற சொல்லை மட்டும் மங்கியபடியே விட்டுவிட்டார். தாளை நான்காய் மடித்து என் கையில் வைத்து, “டின்னை மூடு தங்கச்சி, காத்துப் பட்டா மை போயிரும்” என்றார். அப்புறம் எழுந்து போய் நாள்காட்டித் தாளைக் கிழித்தார்.